உள்ளங்காலில் இருப்பதை இரத்தம் சொல்லுமா?

உடலின் எந்த மூலையில் புற்றுக்கட்டி வளர்ந்தாலும் அதற்கு உணவு கொண்டுவருவதும் அதன் கழிவை அள்ளிச் செல்வதும் இரத்தமே என்பதால், கட்டியிலிருந்து உதிரும் செல்களும், செத்த செல்களின் சிதைவுகளும், அவற்றை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்களும் சிறிதளவேனும் இரத்தத்தில் வந்து சேர்கின்றன. ஒரு பொருள் இரத்தத்தில் இருப்பதையோ, அதன் அளவு கூடிக் குறைவதையோ கொண்டு நோயின் நிலையை மருத்துவர் அறிய முடியுமானால் அப்பொருளை உயிர்க்குறிப்பான் என்பர். இனிப்பு நீர் உள்ளவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கப்படும் சர்க்கரை அளவு அனைவரும் அறிந்த குறிப்பான். ஆனால் அந்நோயில் கூடிப்போன சர்க்கரையே நோயின் முக்கியப் பகுதி; புற்றுநோயில் இரத்தத்தில் கிடைப்பதோ நோய் வேறோர் இடத்தில் இருந்துகொண்டு வழியில் சிந்திவிட்டுப் போகும் தடயம் மட்டுமே. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, ஒரு குப்பி இரத்தம் கொடுத்தால் உடம்பில் எங்கே புற்று இருந்தாலும் தெரிந்துவிடும் என்று நம்புவோர் இன்று பெருகிவருகின்றனர்.

தமிழர்களிடையே தோல் புற்றுநோய் அரிது. அந்த அரிய நோய்களுக்குள்ளும் ஒவ்வொன்றையும் பற்றி இரத்தம் சொல்லும் செய்தி வெவ்வேறானது: ஒன்றில் இரத்தமே நோயைக் காட்டிக்கொடுக்கிறது, இன்னொன்றில் நோய் திரும்பி வருவதை முன்கூட்டியே அறிவிக்கிறது, மற்றொன்றில் வெகுநாள் வாய் திறப்பதில்லை. வெகுநாள் வாய் திறக்காத அந்த நோய்தான் தோட்டப்புறத்துத் தமிழர்களின் உள்ளங்காலில் வரக்கூடியது.

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தின் மேற்குக் கரையோரமாக, கிள்ளானிலிருந்து காப்பார் வழியாகக் கோலசிலாங்கூருக்குச் செல்லும் சாலையில் அமைந்த ஜெராம் இன்று சுட்ட மீனுக்கும் கடல் உணவுக்கும் பெயர் பெற்ற ஊராக இருந்தாலும், அதைச் சுற்றிய நிலம் தோட்ட நிலமே. காப்பியில் தொடங்கி, ரப்பருக்கு மாறி, பின் செம்பனையில் வந்து நின்ற வரலாறு இப்பகுதிக்கு உண்டு. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை 1917இல் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபொக்கோனியே அமைத்ததும் இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான். அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம் என்பது, செம்பனை வரலாற்றின் முதல் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சொல் தற்செயலாக எழுதப்பட்டுவிட்டதைப் போன்றது. விடியலில் பனி ஈரத்தில் ரப்பர்ப் பால் வெட்டப் போன கால்களும், மட்டையும் முள்ளும் கிடக்கும் செம்பனை வரிசைகளுக்கிடையே குலை தூக்கி நடந்த கால்களும் வெடிப்பும் காய்ப்பும் கண்ட கால்கள். அவற்றில் புதிதாக ஒரு கரும்புள்ளி தோன்றினால் யார் கவனித்திருப்பார்கள்?

அந்தக் கரும்புள்ளி மெலனோமாவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் கறுத்த தோலுள்ளவர்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் வரும் இடங்களுள் முதன்மையானது உள்ளங்கால். மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் செல்களில் தோன்றும் புற்று இது. வெள்ளையர்களுக்கு வெயில் பட்ட முதுகிலும் காலிலும் வருவது இந்நோய். தமிழர், சீனர், மலாய்க்காரர், ஆப்பிரிக்கர் ஆகியோரின் தோலில் நிறைந்திருக்கும் மெலனின் வெயிலைத் தடுத்துக் காப்பதால் அவ்விடங்களில் அது அரிதாகிறது. எஞ்சுவன உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடிப்பகுதி. அங்கே வெயிலுக்கு வேலை இல்லை. நோயின் காரணமும் வெயில் அன்று. இவ்வகை 1976இல்தான் தனி வகையாக விவரிக்கப்பட்டு, உடலின் முனைப்பகுதிகளில் வருவதால் முனைப்பகுதி மெலனோமா எனப்பட்டது. ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தின் அடியில் வந்ததும் இதுவே. பந்து விளையாட்டில் பட்ட காயம் என்று கருதப்பட்ட அது 1977இல் மெலனோமா எனக் கண்டறியப்பட்டது; 1981இல், 36 வயதில், அவர் இறந்தார். பந்து விளையாட்டால் அந்நோய் வந்தது என்று பலர் இன்றும் சொல்வதுண்டு. காயம் நோயை உண்டாக்கவில்லை, நோயின்மேல் கவனத்தைத் திருப்பியது என்பதே பொருத்தமான விளக்கம்.

தோட்டப்புறத்தில் இந்நோய்க்கு மாற்றாகச் சொல்லப்படக்கூடிய பெயர்கள் ஏற்கனவே தயாராக உள்ளன. குதிகாலில் கெட்டியாக இருந்தால் கால் ஆணி. நகம் கறுத்துப் புண்ணானால் நகச்சுத்தி. விரலிடுக்கில் கறுப்பாக இருந்தால் முள் ஏறி உள்ளே தங்கிவிட்டது. கால் ஆணி என்று முடிவு கட்டியவர் பிளேடால் சீவுவார், மருந்துக்கடைப் பிளாஸ்திரி ஒட்டுவார், மாதங்கள் ஓடும். இதில் அறியாமையைக் குறை சொல்வது முறையன்று. நூற்றில் தொண்ணூற்றொன்பது முறை அது கால் ஆணியாகவே இருக்கும் என்பதுதான் சிக்கலே. கறுத்த தோலுள்ளவர்களின் உள்ளங்காலில் எந்தத் தீங்கும் செய்யாத பழுப்புத் திட்டுகள் இயல்பாகவே இருப்பதும் குழப்பத்தைக் கூட்டுகிறது.

தோல் மருத்துவர் இக்குழப்பத்தைத் தீர்க்கும் முறை எளிமையும் அழகும் கூடியது. உள்ளங்கால் தோலை உருப்பெருக்கிக் கருவியால் பார்த்தால் கைரேகை போன்ற வரிகள் தெரியும். மேடான வரி வரப்பு என்றால் இரண்டு மேடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளம் வாய்க்கால். கறுப்பு நிறம் வாய்க்காலில் ஓடினால் பெரும்பாலும் வெறும் மச்சம். அதே கறுப்பு வரப்பின் மேல் பட்டை பட்டையாகப் படிந்திருந்தால் மெலனோமாவின் தொடக்கமாக இருக்கலாம் எனச் சந்தேகித்துச் சிறு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்புவர். இதைத் தெளிவுபடுத்தியவர்கள் ஜப்பானிய மருத்துவர்கள். அந்நாட்டிலும் மெலனோமா உள்ளங்காலிலேயே அதிகம் வருவதால் அவர்களுக்கு அதைக் கூர்ந்து பார்க்கும் தேவை இருந்தது. நகத்தில் கறுப்புக் கோடு இருந்து, அந்தக் கறுப்பு நகத்தைத் தாண்டி அதைச் சுற்றிய தோலிலும் படர்ந்தால் அதுவும் எச்சரிக்கை. ஆங்கில மருத்துவர் ஜொனதன் ஹட்சின்சன் 19ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதிவைத்தார்.

இந்நோயின் முதல் உடல்திரவக் குறிப்பான் இரத்தத்தில் அன்று, சிறுநீரில் கிடைத்தது. நோய் உடலெங்கும் பரவிய சிலருடைய சிறுநீர் காற்றுப் பட வைத்திருந்தால் கறுத்துப்போவதைப் பழைய மருத்துவர்கள் கண்டனர். மெலனின் உண்டாகும் வழியில் தோன்றும் ஒரு வேதிப்பொருளை இரத்தத்தில் அளக்கும் முறையை ஜப்பானில் நெடுங்காலமாகப் பயன்படுத்துகின்றனர். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் எஸ்-100-பி என்னும் புரதம் அளக்கப்படுகிறது. 1965இல் மாட்டு மூளையில் கண்டெடுக்கப்பட்ட ஒரு புரதத்துக்கும் தோல் புற்றுக்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். கருவில் நரம்பு மண்டலத்தின் செல்களும் நிறமிச் செல்களும் ஒரே தாய்வீட்டில் பிறந்து பிரிந்து செல்பவை. அந்த உறவின் அடையாளமாக இப்புரதம் இரண்டிலும் தங்கியிருக்கிறது. ஆகவே தலையில் அடிபட்டாலும் இதன் அளவு ஏறும்.

உலகெங்கும் மிகுதியாகப் பயன்படுவது லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ் என்னும் நொதி. சர்க்கரையிலிருந்து ஆற்றல் எடுக்கும் வேலையில் ஈடுபடும் இந்நொதி உடலின் எல்லாச் செல்களிலும் உள்ளது. செல்கள் பெருமளவில் சாகும்போது இரத்தத்தில் சிந்துகிறது. பரவிய மெலனோமாவில் இது உயர்ந்திருந்தால் நோய் கடுமை என்று கொண்டு, 2002ஆம் ஆண்டின் அமெரிக்க வகைப்பாட்டில் இதை நோயின் படிநிலையைக் குறிக்கும் அளவுகோலாகவே சேர்த்தனர். எல்லாச் செல்களிலும் இருப்பதே இதன் குறையும். டெங்கி வந்தாலும், எலிக்காய்ச்சல் வந்தாலும், தாலசீமியா உள்ளவரின் சிவப்பணுக்கள் உடைந்தாலும் இது ஏறும். நோயாளியின் உடலுக்கு வெளியே, குப்பிக்குள்ளேயும் ஏறும். மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்த இரத்தமோ, வெயிலில் நின்ற வண்டியில் குலுங்கிக்கொண்டே வெகுதூரம் போன இரத்தமோ சிவப்பணுக்கள் உடைந்து போய்ச் சேரும். ஆய்வுக்கூடத்தில் சுழலியில் போட்டு எடுத்ததும் மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் வைக்கோல் நிறத்தில் இல்லாமல் இளஞ்சிவப்பாக இருந்தால், அந்த மாதிரியில் நொதியின் அளவு பொய்யாக உயர்ந்திருக்கும். அனுபவமுள்ள ஆய்வுக்கூடப் பணியாளர் அதைத் தள்ளிவிட்டுப் புதிய மாதிரி கேட்பார்.

இவை எல்லாம் பழைய தலைமுறைக் குறிப்பான்கள். புதிய தலைமுறையின் நம்பிக்கை முழுவதும் டிஎன்ஏ துணுக்குகளின் மேல் உள்ளது. செத்த செல்களின் டிஎன்ஏ துண்டு துண்டாக இரத்தத்தில் மிதக்கிறது என்பதைப் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் மண்டெல், மெத்தே என்னும் இருவர் 1948இலேயே கண்டனர். டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவம் தெரியவருவதற்கு ஐந்தாண்டு முன்பு என்பதால் அதை எவரும் பொருட்படுத்தவில்லை. புற்றுநோயாளிகளின் இரத்தத்தில் இத்துணுக்குகள் அதிகம் என்பது 1977இல் தெரிந்தது. பெரும்பாலான துணுக்குகள் ஏறத்தாழ 167 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ளவை. இரண்டொரு மணி நேரத்தில் சிதைந்துவிடும். கட்டியில் மட்டும் காணப்படும் எழுத்துப்பிழை ஒன்றை இத்துணுக்குகளில் தேடிக் கண்டுபிடித்தால் கட்டி உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

ஆனால் தேடுவதற்கு அங்கே ஏதாவது இருக்க வேண்டும். நலமுள்ள ஒருவரின் இரத்த நீரில் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 5 நானோகிராம் டிஎன்ஏ இருப்பதாகக் கொண்டால், ஒரு மரபுத்தொகுதியின் எடையை வைத்துக் கணக்கிட்டால் அது சுமார் 1,500 பிரதிகள் ஆகும். ஒரு குப்பி இரத்தத்தில் 4 மில்லிலிட்டர் நீர் கிடைத்தால் மொத்தம் 6,000 பிரதிகள். தொடக்க நிலையில் உள்ள சிறிய கட்டி பத்தாயிரம் துணுக்குகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சிந்தினால், அந்தக் குப்பிக்குள் தேடப்படும் பிழை ஒருமுறைகூட இல்லாமலே போகலாம். கருவி எத்தனை நுட்பமானதாக இருந்தாலும் குப்பியில் இல்லாததை அது காட்ட முடியாது. அறுவைக்கு எளிதாக இருக்கும் மெல்லிய மெலனோமா இரத்தத்தில் தெரியாமல் போவதன் காரணம் இந்தக் கூட்டல் பெருக்கலே.

முனைப்பகுதி மெலனோமாவில் இன்னொரு தடையும் உண்டு. வெள்ளையர்களின் தோல் மெலனோமாவில் ஏறத்தாழ பாதி அளவில் பிராஃப் என்னும் மரபணுவில், ஒரே இடத்தில், ஒரே வகைப் பிழை காணப்படுகிறது. 2002இல் கண்டறியப்பட்ட இப்பிழையைத் தேடும் இரத்தச் சோதனை ஆயத்த உடுப்பைப் போல எல்லோருக்கும் பொருந்தும். உள்ளங்கால் மெலனோமாவில் அந்தப் பிழை ஐந்தில் ஒருவருக்கு இருந்தாலே அதிகம். இங்கே எழுத்துப்பிழைகளைவிட மரபணுத் துண்டுகள் உடைவதும், இடம் மாறுவதும், பல பிரதிகளாகப் பெருகுவதுமே மிகுதி. எனவே ஒவ்வொரு நோயாளியின் கட்டியையும் முதலில் முழுமையாக வாசித்து, அவருக்கென்றே அளவெடுத்துச் சோதனையைத் தைக்க வேண்டியிருக்கிறது. செலவும் காலமும் அதற்கேற்ப ஏறும்.

அப்படித் தைக்கப்பட்ட சோதனைக்குப் பயனும் உண்டு. உடலின் நோயெதிர்ப்பு அணுக்களைத் தூண்டிப் புற்றை எதிர்க்கச் செய்யும் மருத்துவத்துக்கு (இதற்கே 2018இல் ஜேம்ஸ் ஆலிசன், தசுக்கு ஹோஞ்சோ ஆகிய இருவரும் நோபெல் பரிசு பெற்றனர்) மெலனோமா முதன்மையான களம். இம்மருத்துவத்தில் சிலருக்கு ஸ்கேனில் கட்டி பெரிதானதுபோல் தோன்றும். உண்மையில் அது எதிர்ப்பு அணுக்கள் திரண்டு புகுந்ததால் உண்டான வீக்கமாக இருக்கலாம். அவ்வேளையில் இரத்தத்தில் கட்டியின் டிஎன்ஏ குறைந்துகொண்டே வந்தால் மருத்துவம் வேலை செய்கிறது என்றும், ஏறிக்கொண்டே போனால் நோயே வளர்கிறது என்றும் கொள்ள அது துணை செய்கிறது.

இரத்தச் சோதனை மிக நன்றாகக் கைகொடுக்கும் அரிய தோல் புற்று மெர்க்கல் செல் புற்றுநோய். 1875இல் ஜெர்மானியரான ஃபிரீட்ரிக் மெர்க்கல் விவரித்த தொடு உணர்வுச் செல்லின் பெயரால் வழங்கும் இந்நோயை 1972இல் சிரில் டோக்கர் முதலில் விவரித்தார். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் யுவான் சாங், பாட்ரிக் மூர் ஆகியோரின் குழு 2008இல் இக்கட்டிகளுக்குள் ஒரு வைரஸ் இருப்பதைக் கண்டது. ஐந்தில் நான்கு கட்டிகளில் அது இருந்தது. இவ்வைரஸ் நலமுள்ள பெரும்பாலோரின் தோலிலும் தீங்கின்றி வாழ்வதாகும். ஆகவே வைரஸின் மேலுறைக்கு எதிரான எதிர்ப்பொருள் பலரிடம் உண்டு. அதை அளந்து பயனில்லை. கட்டிக்குள் மட்டுமே ஓயாமல் உண்டாகும் புற்றூக்கப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளோ நலமுள்ளவரிடம் அரிது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் இதை அளக்கும் சோதனையை உருவாக்கினர். நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேரிடம் இந்த எதிர்ப்பொருள் உண்டு. கட்டி நீங்கினால் அளவு இறங்குகிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கையில் மீண்டும் ஏறினால் நோய் திரும்புகிறது என்று பொருள். எதிர்ப்பொருள் இல்லாத மற்றப் பாதிக்கு டிஎன்ஏ துணுக்குச் சோதனை கைகொடுக்கிறது. 319 நோயாளிகளிடம் செய்யப்பட்டு 2024இல் வெளியான ஆய்வொன்றில், கண்ணுக்கோ ஸ்கேனுக்கோ தெரியும் நோய் உள்ளவர்களில் 100க்கு ஏறத்தாழ 95 பேரின் இரத்தத்தில் கட்டியின் டிஎன்ஏ கண்டறியப்பட்டது. இத்தனை வசதியும் வாய்த்த இந்நோய் பெரும்பாலும் முதிய வெள்ளையர்களுக்கு வருவது. தமிழர்களுக்கு மிக மிக அரிது. ஆராய்ச்சி நடக்கும் நாட்டில் உள்ள நோய்க்கே ஆராய்ச்சி நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது நோய் தமிழர்களுக்கும் வருவது. இரத்தத்தின் வெள்ளையணுக்களுள் ஒருவகையான டி-செல்கள் தோலில் குடியேறிப் புற்றாகும் நோய்க்கு மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் என்று பெயர். 1806இல் இதை விவரித்த மருத்துவர் அலிபேர், முற்றிய கட்டிகள் காளானைப் போல் தோன்றியதால் அப்பெயர் இட்டார். காளானுக்கும் இதற்கும் வேறு தொடர்பில்லை. வெள்ளைத் தோலில் சிவந்த திட்டாகத் தெரியும் இதற்கு, கறுத்த தோலில், குறிப்பாக இளையோரிடம், வெளிறிய திட்டாகத் தோன்றும் வகையும் உண்டு. ஆகவே தேமல் என்றும் வெண்குட்டம் என்றும் ஆண்டுக்கணக்கில் களிம்பு தடவப்படும். 1930இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பு அமைந்த சிலாங்கூரில், வெளிறிய திட்டு என்றாலே முன்பு எழுந்த அச்சம் வேறு. தொழுநோய்த் திட்டில் பொதுவாகத் தொடு உணர்வு மங்கியிருக்கும். இத்திட்டில் உணர்வு இருக்கும்.

இந்நோய்க்கு உறவான, இதைவிடக் கடுமையான ஒரு நோயை 1938இல் பாரிசில் ஆல்பர் செசாரி விவரித்தார். உடல் முழுதும் தோல் சிவந்து, உரிந்து, தாங்க முடியாத அரிப்பெடுக்கும் நோயாளிகளின் இரத்தத்தில், மூளையின் மடிப்புகளைப் போல மடிந்த உட்கரு கொண்ட செல்களை அவர் கண்டார். இங்கே இரத்தம் தடயத்தை அல்ல, புற்றுச் செல்லையே ஏந்தி வருகிறது. ஒரு மைக்ரோலிட்டரில், அதாவது ஒரு சொட்டின் ஐம்பதில் ஒரு பங்கில், இச்செல்கள் 1,000க்கு மேல் இருப்பது நோயை உறுதிசெய்யும் அளவுகோல்களுள் ஒன்று. செல்லின் மேலுள்ள அடையாளப் புரதங்களை லேசர் ஒளியில் எண்ணும் கருவி பெரிய மருத்துவமனைகளில் இரத்தப் புற்றுநோய்க்காக ஏற்கனவே இருப்பதால், அரிய தோல் புற்றுகளுக்குள் நம் ஊர்களில் உடனே செய்யத்தக்க இரத்தச் சோதனை இதுவே.

தோட்ட வரலாற்றைப் பேசுகையில் ஆர்செனிக்கை விட்டுவிட முடியாது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் லாலான் புல்லை அழிக்க 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சோடியம் ஆர்செனைட் தெளிக்கப்பட்டது. அதன் நச்சுத்தன்மை காரணமாகவே பின்னர் வேறு மருந்துகள் தேடப்பட்டன. நெடுங்காலம் ஆர்செனிக் உட்கொண்ட உடலில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கால் ஆணி போன்ற சிறு கெட்டிப்புகள் தோன்றி, பல பத்தாண்டுகளுக்குப் பின் புற்றாகவும் மாறலாம். இங்கும் இரத்தம் உதவாது. ஆர்செனிக் இரத்தத்திலிருந்து சில மணி நேரத்தில் நீங்கிவிடும். சிறுநீரில் சில நாள், நகத்தில் சில மாதம். தோலோ அதை வாழ்நாள் முழுதும் நினைவில் வைத்திருக்கும்.

நலமுள்ளவருக்கு இரத்தத்தால் புற்றுநோய் பார்ப்பதாக விற்கப்படும் சோதனைத் தொகுப்புகளை இந்தப் பின்னணியில் எடைபோட வேண்டும். ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கு உள்ள நோயை, நலமுள்ள நூறு பேரில் ஒருவரை மட்டும் தவறாக நோயாளி என்று சொல்லும் நல்ல சோதனையால் தேடினாலும், அந்த ஒருவரோடு ஆயிரம் பேர் பொய்யாக அச்சுறுத்தப்படுவர். அந்த ஆயிரம் பேரும் ஸ்கேனுக்கும் வெட்டுச் சோதனைக்கும் அலைவர். அரிய தோல் புற்றுக்கு இரத்தக் குறிப்பான் பின்தொடரும் காவலாளி; வாசலில் நின்று பிடிக்கும் ஆள் அன்று. நோய் ஏற்கனவே உறுதியானவருக்கு அது உண்மையான உதவி. நோய் இருக்கிறதா என்று தெரியாதவருக்கு அது காசுக்கு வாங்கும் குழப்பம்.

உள்ளங்காலில் வளர்ந்துகொண்டே போகும் கரும்புள்ளி, இரண்டு மாதமாகியும் ஆறாத கால் ஆணி, நகத்தில் அகன்று வரும் கறுப்புக் கோடு, களிம்புக்கு மசியாத தேமல் ஆகிய நான்கையும் கண்டுபிடிக்க ஊசி தேவையில்லை. தானாகக் குனிந்து பார்க்க முடியாத முதியவரின் பாதத்தை வீட்டிலுள்ள ஒருவர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் போதும். சந்தேகம் இருந்தால், ஜெராம் சுகாதாரக் கிளினிக்கில் காட்டிக் கிள்ளான் மருத்துவமனைக்குக் கடிதம் கேட்கலாம். அரசாங்கக் கிளினிக்கில் மலேசியக் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட்.